பாதி மட்டும் நம்மவன்: ஜஸ்டின் ஃபஷானுவின் ஆட்டக்கணக்கு

(ஆய்வு மாணவர்களின் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விளையாட்டும் சமூகமும் பற்றிப் பேசச் சொன்னீர்கள். பீலே, மாரடோனா என்று தொடங்கினால் எல்லோருக்கும் பிடிக்கும். அவர்கள் வென்றவர்கள். நான் இன்று பேசப்போகிறவர் உலகக் கோப்பையில் ஆடியதில்லை. தன் நாட்டின் முதன்மை அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. பெயர் ஜஸ்டின் ஃபஷானு. இங்கிலாந்துக்காரர், கறுப்பினத்தவர். முன்கள ஆட்டக்காரர், அதாவது கோல் அடிப்பதற்காகவே அணியில் இருப்பவர். 1961இல் பிறந்தார், 1998இல் இறந்தார். 37 வயது.

முதலில் அவர் சட்டை போட்ட அணிகளின் பட்டியலை வாசித்துவிடுகிறேன். நார்விச் சிட்டி, நாட்டிங்கம் ஃபாரஸ்ட், சவுத்தாம்ப்டன், நாட்ஸ் கவுண்டி, பிரைட்டன், லாஸ் ஏஞ்சலஸ் ஹீட், எட்மன்டன், மான்செஸ்டர் சிட்டி, வெஸ்ட் ஹாம், லெய்டன் ஓரியன்ட், சவுத்தால், டொராண்டோ, லெதர்ஹெட், நியூகாசில், டார்க்கே, ஏர்ட்ரி, டிரெல்லபோர்க், ஹார்ட்ஸ், அட்லாண்டா, மிராமர் ரேஞ்சர்ஸ். இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா, ஸ்காட்லாந்து, ஸ்வீடன், நியூசிலாந்து. சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் ஆடினார். சில இடங்களில் இரண்டே ஆட்டங்கள்.

இப்படி அணி மாறிக்கொண்டே இருப்பவரை ஆங்கிலப் பத்திரிகைகள் ‘ஜர்னிமேன்’ என்று எழுதும். ஊர் ஊராகப் பயணம் போகிறவர் என்றுதான் பலரும் அதற்குப் பொருள் கொள்கிறோம். உண்மையில் அது ‘ஒரு நாள்’ என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. தொழிலைக் கற்று முடித்தும் சொந்தப் பட்டறை வைக்க முடியாமல், நாள் கூலிக்கு இன்னொருவரிடம் வேலை செய்யும் கைவினைஞரைக் குறித்த சொல் அது. ஃபஷானு விஷயத்தில் இந்தப் பழைய பொருள்தான் சரியாக வருகிறது. அவர் ஊர் சுற்றவில்லை. வேலை தேடிக்கொண்டிருந்தார்.

அவர் ஏன் எங்கும் நிலைக்கவில்லை என்று கேட்டால் வழக்கமாக மூன்று பதில்கள் வரும். முழங்கால் போய்விட்டது. எதிர்பார்த்த அளவு ஆடவில்லை. ஆள் ஒழுங்கில்லை. மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மூன்றும் அவரைப் பற்றியவை. ஒவ்வொரு இடத்திலும் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் யார் என்ற கேள்வி இதில் எதிலும் இல்லை. அதைத்தான் இன்று கேட்கப்போகிறேன்.

லண்டனின் ஹாக்னி பகுதியில் பிறந்தவர். தந்தை நைஜீரியாவைச் சேர்ந்தவர், தாய் அன்றைய பிரிட்டிஷ் கயானாவைச் சேர்ந்தவர். பெற்றோர் பிரிந்த பிறகு ஜஸ்டினும் தம்பி ஜானும் பர்னார்டோ என்ற ஆதரவற்ற குழந்தைகள் காப்பகத்தில் விடப்பட்டார்கள். ஜஸ்டினுக்கு ஆறு வயதானபோது நார்ஃபோக் வட்டாரக் கிராமம் ஒன்றில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியர் இருவரையும் வளர்க்க எடுத்துக்கொண்டார்கள். சுற்றிலும் வெள்ளையர் மட்டுமே வாழும் ஊரில் இரண்டு கறுப்புச் சிறுவர்கள். ஜஸ்டின் முதலில் குத்துச்சண்டையில் பேர் வாங்கினார், பிறகு பந்துக்கு வந்தார். 1978 டிசம்பரில் நார்விச் கிளப் அவரைத் தொழில்முறை ஆட்டக்காரராக ஒப்பந்தம் செய்தது. அடுத்த மாதமே முதல் ஆட்டம்.

அந்தக் காலத்து இங்கிலாந்து மைதானம் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். கறுப்பின வீரர் பந்தைத் தொட்டால் கூட்டம் குரங்கு போலக் கத்தும். வாழைப்பழம் வீசும். நேஷனல் ஃபிரண்ட் என்ற இனவெறிக் கட்சி மைதான வாசலிலேயே பத்திரிகை விற்று ஆள் சேர்த்தது. சிரில் ரெஜிஸ் என்ற கறுப்பின வீரர் 1982இல் இங்கிலாந்து அணிக்குத் தேர்வானபோது தபாலில் அவருக்குத் துப்பாக்கித் தோட்டா வந்தது. இந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் 17 வயது ஜஸ்டின் ஆட வந்தார்.

1980 பிப்ரவரி 9. நார்விச்சுக்கும் லிவர்பூலுக்கும் ஆட்டம். கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். வந்த பந்தை வலது காலால் மெல்லத் தூக்கி விடுகிறார், அப்படியே திரும்புகிறார், பந்து தரையைத் தொடும் முன் இடது காலால் அடிக்கிறார். கோல்கீப்பர் ரே க்ளெமென்ஸ் பாய்ந்தும் பயனில்லை. ஜஸ்டின் துள்ளவில்லை, ஓடவில்லை, ஒற்றை விரலை மேலே உயர்த்திக்கொண்டு நிற்கிறார். பிபிசி அதை அந்தப் பருவத்தின் சிறந்த கோலாகத் தேர்ந்தெடுத்தது. ஆட்டத்தில் நார்விச் 3-5 என்று தோற்றது. இணையத்தில் காணொளி கிடைக்கிறது, பாருங்கள்.

நார்விச்சுக்காக லீக் போட்டிகளில் 90 ஆட்டங்கள், 35 கோல்கள். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும். 1981 ஆகஸ்டில் நாட்டிங்கம் ஃபாரஸ்ட் அவரை 10 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. பிரிட்டனில் அந்த விலைக்குப் போன முதல் கறுப்பின வீரர் அவர். வயது இருபது.

ஃபாரஸ்டின் மேலாளர் பிரையன் க்ளஃப். சாதாரண ஆள் அல்ல. சிறிய ஊர் கிளப் ஒன்றை 1979, 1980 என்று இரண்டு முறை ஐரோப்பியக் கோப்பை வெல்ல வைத்தவர். அதைவிட நமக்கு முக்கியமானது வேறு. க்ளஃப் தன்னை சோசலிஸ்ட் என்று சொல்லிக்கொண்டவர். நேஷனல் ஃபிரண்டை எதிர்க்க 1977இல் உருவான நாஜி எதிர்ப்பு லீகுக்கு வெளிப்படையாக ஆதரவு கொடுத்தவர். அவருடைய அணியில் ஆடிக்கொண்டிருந்தபோதுதான் விவ் ஆண்டர்சன், 1978 நவம்பரில், இங்கிலாந்து முதன்மை அணியில் ஆடிய முதல் கறுப்பின வீரர் ஆனார். இனவெறியை எதிர்த்து நின்ற மனிதரின் கீழ்தான் ஜஸ்டின் வேலைக்குச் சேர்ந்தார்.

ஜஸ்டின் இரவில் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் விடுதிகளுக்குப் போகிறார் என்ற செய்தி க்ளஃப் காதுக்கு வந்தது. அவர் ஜஸ்டினை அழைத்துக் குறுக்கு விசாரணை செய்தார், இழிசொல் பயன்படுத்தினார். இதை எதிரிகள் சொல்லவில்லை. தன் சுயசரிதையில் க்ளஃப்பே எழுதியிருக்கிறார். பிறகு அணியோடு சேர்ந்து பயிற்சி செய்யத் தடை போட்டார். தடையை மீறி வந்த ஜஸ்டினைப் பயிற்சி மைதானத்திலிருந்து வெளியேற்றப் போலீஸை வரவழைத்தார். பத்து லட்சம் கொடுத்து வாங்கிய ஆட்டக்காரரைப் பந்தைத் தொடவிடாமல் போலீஸ் வைத்து அனுப்பினார்கள்.

ஃபாரஸ்டில் 32 லீக் ஆட்டங்களில் 3 கோல்கள்தான் அடித்தார். பத்து லட்சம் வீண் என்று எழுதினார்கள். நேற்றுவரை கோல் அடித்தவன் இன்று ஏன் அடிக்கவில்லை என்று யாரும் விசாரிக்கவில்லை. சவுத்தாம்ப்டனுக்கு இரவலாக அனுப்பினார்கள். 1982 டிசம்பரில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாட்ஸ் கவுண்டிக்கு விற்றார்கள். விலை ஒன்றரை லட்சம் பவுண்டு. பதினாறு மாதத்தில் பத்து லட்சம் ஒன்றரை லட்சமாகிவிட்டது. சந்தை ஒரு மனிதனை எடை போட்ட விதம் இது.

அங்கே 64 லீக் ஆட்டங்களில் 20 கோல்கள் அடித்தார். தொந்தரவு இல்லாமல் ஆட விட்டால் அடித்தார் என்பதற்கு இது சாட்சி. பிறகு பிரைட்டன். அங்கேதான் முழங்கால் காயம் முற்றியது. ஆட்டத்தை விட்டுவிடு என்று சொல்லும் நிலை. அமெரிக்கா போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, லாஸ் ஏஞ்சலஸிலும் கனடாவின் எட்மன்டனிலும் மறுபடி ஆட ஆரம்பித்தார். 1989இல் இங்கிலாந்து திரும்பினார். மான்செஸ்டர் சிட்டியில் 2 லீக் ஆட்டங்கள், வெஸ்ட் ஹாமில் 2, லெய்டன் ஓரியன்ட்டில் 5. நாள் கூலி என்று நான் சொன்னது இதைத்தான்.

1990 அக்டோபர் 22. ‘தி சன்’ நாளிதழின் முதல் பக்கத்தில் ஜஸ்டின் தான் தன்பாலீர்ப்பாளர் என்று அறிவித்தார். ஆடிக்கொண்டிருக்கும்போதே இதைச் சொன்ன முதல் தொழில்முறை ஆட்டக்காரர் அவர். காலத்தைக் கவனியுங்கள். எய்ட்ஸ் பற்றிய பீதி உச்சத்தில் இருந்தது. உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை ‘ஊக்குவிக்க’க் கூடாது என்று தாட்சர் அரசு 1988இல் சட்டமே போட்டிருந்தது. ஜஸ்டின் இந்தச் செய்தியைக் காசுக்கு விற்றார் என்பது உண்மை. அவர் சொன்ன இன்னொரு காரணமும் இருக்கிறது. தன்பாலீர்ப்பாளர் என்று தெரிந்ததும் பெற்றோர் வீட்டைவிட்டுத் துரத்திய ஓர் இளைஞனை அவருக்குத் தெரியும். அந்தப் பையன் உயிரை மாய்த்துக்கொண்டான். அவனுக்கு உதவ முடியாமல் போனது தன்னை உலுக்கியது என்று பின்னர் எழுதினார்.

வெள்ளை இங்கிலாந்து என்ன செய்திருக்கும் என்று ஊகிக்கக் கடினமில்லை. நான் பேச வந்தது அடுத்து நடந்ததைப் பற்றி.

‘தி வாய்ஸ்’ என்று ஒரு வார இதழ். ‘குரல்’ என்று பொருள். 1981இல் லண்டன் பிரிக்ஸ்டனில் போலீஸ் அடக்குமுறைக்கு எதிராகக் கறுப்பின இளைஞர்கள் கிளர்ந்தெழுந்த மறு ஆண்டு தொடங்கப்பட்டது. வெள்ளைப் பத்திரிகைகளில் குற்றவாளியாக மட்டுமே தென்பட்ட மக்களுக்கு முகம் கொடுத்த இதழ். அந்த இதழ் ஜஸ்டின் கறுப்பினச் சமூகத்தையே அவமானப்படுத்திவிட்டார் என்ற தொனியில் எழுதியது. அடுத்து தம்பி ஜான் ஃபஷானுவின் பேட்டியை வெளியிட்டது. ஜான் அப்போது விம்பிள்டனின் நட்சத்திரம், இங்கிலாந்து முதன்மை அணிக்கும் ஆடியவர். பேட்டியின் தலைப்பு, என் தன்பாலீர்ப்பு அண்ணன் ஒரு ‘அவுட்காஸ்ட்’ என்பது.

‘அவுட்காஸ்ட்’ என்றால் வெளியே எறியப்பட்டவன். சாதிக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘காஸ்ட்’ போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. இதன் வேர் வேறு. ஆனாலும் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தச் சொல்லுக்கு அகராதி தேவைப்படாது. ஊர்விலக்கு என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். இங்கே விலக்கி வைத்தது, காலங்காலமாக விலக்கி வைக்கப்பட்டவர்களின் பத்திரிகை. விலக்கியது, அதே காப்பகத்தில் வளர்ந்த தம்பி. விஷயத்தை வெளியே சொல்லாமல் இருக்க அண்ணனுக்கு 75,000 பவுண்டு கொடுத்ததாக ஜான் பின்னாளில் பொதுவெளியிலேயே சொன்னார், தான் நடந்துகொண்ட விதத்துக்கு வருந்தவும் செய்தார். அந்தப் பணத்தின் பெயர் நமக்குத் தெரிந்ததுதான்: குடும்ப மானம்.

ஒடுக்கப்பட்ட சமூகம் ஏன் இப்படிச் செய்கிறது? அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டுப் போனால் எதுவும் விளங்காது. ‘ஏற்கெனவே நம்மைக் கேவலமாகப் பார்க்கிறார்கள், நீ வேறு பேர் கெடுக்காதே’ என்ற பயம் அது. நாம் ஒழுக்கமானவர்கள், நம் ஆண்கள் ஆண்மையானவர்கள் என்று நிரூபித்துக் காட்டினால் மதிப்பார்கள் என்ற நம்பிக்கை. தன்பாலீர்ப்பு வெள்ளைக்காரன் வியாதி என்ற வாதம்கூட அங்கே ஓடியது. இந்த வாதத்தில் நீதிபதி யார் என்று பாருங்கள். நம்மை இழிவுபடுத்தியவனேதான். அவன் கண்ணுக்கு நாம் சுத்தமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக நம்மில் ஒருவனைத் தூக்கி எறிகிறோம். அவன் வேலையை நாம் செய்துகொடுக்கிறோம், கூலியில்லாமல்.

க்ளஃப்புக்கு ஜஸ்டினின் கறுப்பு நிறம் பிரச்சினையில்லை, அவர் யாரை நேசிக்கிறார் என்பதுதான் பிரச்சினை. ‘தி வாய்ஸ்’ அவருடைய கறுப்பைக் கொண்டாடத் தயாராக இருந்தது, மற்றதை அவர் மறைத்துக்கொண்டிருந்தால். பாதியை வெளியே விட்டுவிட்டு வா, உள்ளே இடம் தருகிறோம் என்றுதான் ஒவ்வொரு வாசலிலும் சொன்னார்கள். மனிதன் பாதியாக வாழ முடியாது.

அதே சமூகத்துக்குள்ளிருந்து எதிர்க்குரலும் எழுந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். டெட் பிரவுன் போன்ற கறுப்பினத் தன்பாலீர்ப்பாளர்கள் ‘தி வாய்ஸ்’ இதழுக்கு எதிராக அமைப்பாகத் திரண்டார்கள். தொழிற்சங்க ஆதரவைத் திரட்டி, அந்த இதழுக்குப் போகும் விளம்பரங்களுக்கு நெருக்கடி கொடுத்தார்கள். கடைசியில் அவர்களுடைய மறுமொழிக்கு இதழ் இடம் தர வேண்டியதாயிற்று. அவர்கள் கறுப்பின அரசியலைவிட்டு வெளியேறவில்லை. இது எங்கள் பத்திரிகையும்தான் என்று உரிமையோடு சண்டை போட்டார்கள்.

ஜஸ்டினுக்கு என்ன ஆனது? அறிவிப்புக்குப் பிறகு தனக்கு யாரும் முழுநேர ஒப்பந்தம் தர முன்வரவில்லை என்றார் அவர். லண்டன் புறநகர்ச் சிறு கிளப், மறுபடி கனடா, நியூகாசிலுக்கு மாற்று ஆட்டக்காரராக ஒரே ஒரு ஆட்டம். 1991 டிசம்பரில் தென்கோடிக் கடற்கரை ஊரான டார்க்கே கூப்பிட்டது. நாடு முழுக்க அவர் யார் என்று தெரிந்த பிறகு, வெளியூர் மைதானங்களில் கூட்டம் வசை பாடிக்கொண்டிருக்க, முப்பதைத் தாண்டிய வயதில், கெட்டுப்போன முழங்காலோடு 41 லீக் ஆட்டங்கள் ஆடினார். 15 கோல்கள். துணை மேலாளர் பொறுப்பும் கொடுத்தார்கள்.

இப்போது நார்விச் கணக்கை எடுங்கள். 90 ஆட்டங்கள், 35 கோல்கள். ஏறக்குறைய இரண்டரை ஆட்டத்துக்கு ஒரு கோல். டார்க்கேயிலும் மூன்று ஆட்டத்துக்கு ஒன்றுக்கு மேல். கீழ்ப் பிரிவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்று தெளிவு. எதையும் மறைக்காமல் ஆடிய காலத்தில் அவர் கோல் அடித்தார். மறைத்துக்கொண்டு, பிடிபட்டு, விசாரிக்கப்பட்ட ஃபாரஸ்டில்தான் அடிக்க முடியவில்லை. தன்பாலீர்ப்பு அவர் ஆட்டத்தைக் கெடுத்தது என்று சொன்னவர்களுக்கு இந்த எண்களைத் தவிர வேறு பதில் வேண்டாம்.

அடுத்ததையும் சொல்ல வேண்டும். அவரைப் புனிதராக்குவதற்கு நான் இங்கே வரவில்லை. 1994இல், ஸ்காட்லாந்தின் ஹார்ட்ஸ் அணியில் இருந்தபோது, கன்சர்வேடிவ் கட்சி அரசியல்வாதிகளோடு தனக்கு உறவு இருந்ததாகப் பத்திரிகைகளுக்குக் கதை விற்கப் பார்த்தார். அவை பொய் என்று ஒப்புக்கொண்டார். கிளப் வேலையைவிட்டு நீக்கியது. அந்த முடிவைக் குறை சொல்ல எனக்கு வாதம் இல்லை. 1998 மார்ச்சில், அமெரிக்காவின் மேரிலாந்தில் அவர் பயிற்சியாளராக இருந்தபோது, 17 வயது இளைஞர் ஒருவர் அவர் மீது பாலியல் வன்முறைப் புகார் கொடுத்தார். போலீஸ் விசாரித்தது. அதன்பின் ஜஸ்டின் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். மே 3 அன்று லண்டனில் அவர் உடல் கண்டெடுக்கப்பட்டது. தற்கொலை என்று விசாரணையில் முடிவானது. சம்மதத்தோடு நடந்ததுதான் என்றும், தன்பாலீர்ப்பாளனான தனக்கு நியாயமான விசாரணை கிடைக்காது என்றும் எழுதி வைத்திருந்தார். ஓரினப் பாலுறவைக் குற்றமாக்கும் சட்டம் அப்போது மேரிலாந்தில் இருந்தது.

அந்தப் புகார் நீதிமன்றத்தில் விசாரிக்கப்படவே இல்லை. அதனால் அவர் குற்றமற்றவர் என்று நான் சொல்ல மாட்டேன், குற்றவாளி என்றும் சொல்ல மாட்டேன். புகார் கொடுத்தவரைப் பொய்யர் என்று சொல்லி ஜஸ்டினைக் காப்பாற்றும் உரிமை நமக்கு இல்லை. நியாயமான விசாரணை இருவருக்குமே கிடைக்கவில்லை. அந்த விசாரணையில் தனக்கு இடமே இராது என்று ஒரு மனிதன் நம்பும்படி முந்தைய இருபது ஆண்டுகள் இருந்தன என்பதை மட்டும் சொல்கிறேன்.

இவ்வளவு கறையோடு இருக்கும் ஆளை ஏன் பேசுகிறீர்கள், நல்ல உதாரணம் கிடைக்கவில்லையா என்று கேட்கலாம். அதற்காகவேதான் பேசுகிறேன். உரிமை என்பது நன்னடத்தைக்குக் கொடுக்கும் பரிசு கிடையாது. க்ளஃப் அவரை மைதானத்திலிருந்து துரத்தியபோது அவர் எந்தப் பொய்யும் விற்றிருக்கவில்லை. ‘தி வாய்ஸ்’ அவரை விலக்கியபோது அவர் செய்த ஒரே காரியம் உண்மையைச் சொன்னது. பின்னால் நடந்த தவறுகளைக் காட்டி முன்னால் நடந்த அநியாயத்தை நியாயப்படுத்த முடியாது.

2022 மே மாதம் பிளாக்பூல் அணியின் முன்கள ஆட்டக்காரர் ஜேக் டேனியல்ஸ், 17 வயதில், தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று அறிவித்தார். கிளப் அவரோடு நின்றது. பிரிட்டனின் ஆண்கள் தொழில்முறைக் கால்பந்தில், ஆடிக்கொண்டிருக்கும்போதே இப்படி அறிவித்தவர் ஜஸ்டினுக்குப் பிறகு இவர்தான். இடையில் 32 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானவர்கள் ஆடினார்கள். வேறு யாருமே இல்லை என்று நம்ப முடியுமா? ஜஸ்டினுக்கு நடந்ததைப் பார்த்தார்கள், வாயை மூடிக்கொண்டார்கள். ஒருவரை விலக்கினால் அவரோடு முடிவதில்லை. அடுத்து வர இருந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் அது.

அரசியல் பேசுகிற, அமைப்பில் இருக்கிற நமக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. நம் கூட்டங்களில், நம் விடுதி அறைகளில், தன்னைப் பற்றி ஒரு உண்மையைச் சொன்னால் இடம் போய்விடும் என்று பயந்து உட்கார்ந்திருப்பவர் யாராவது இருக்கிறாரா? இயக்கத்துக்குக் கெட்ட பேர் வரும் என்று சொல்லி நாம் யாரையாவது அமைதியாக இருக்கச் சொன்னோமா? பெண் தோழர்கள் இதைப் பலமுறை கேட்டிருக்கிறார்கள். திருநர்களும் தன்பாலீர்ப்பாளர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். டெட் பிரவுனைப் போல அவர்கள் வெளியே நின்று போராடித்தான் நம்மிடம் ஒரு பக்கம் வாங்க வேண்டும் என்ற நிலையில் நாம் இருக்கக் கூடாது.

என் பேச்சு இவ்வளவுதான். இதில் மாறுபடுகிறவர்கள் இருப்பீர்கள். அவர்கள் முதலில் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.